டாமி ஜானின் இடது முழங்கை

நோய்களுக்கும் சிகிச்சை முறைகளுக்கும் மருத்துவர்களின் பெயரைச் சூட்டுவதே மருத்துவ உலகின் மரபு. அறுவைக் கூடத்து மேசையில் படுத்திருந்த நோயாளியின் பெயர் அந்த அறுவை சிகிச்சைக்கே நிலைத்துவிடுவது மிக அரிது. அமெரிக்க பேஸ்பால் வீரர் டாமி ஜானுக்கு அது நேர்ந்தது. அந்நாட்டின் விளையாட்டுப் பக்கங்களில் 'அவருக்கு டாமி ஜான் செய்யப்பட்டது' என்று ஒரு வினைச்சொல்லைப் போல எழுதுகிறார்கள். அதைப் படிக்கும் இளைஞர்களில் பலருக்கு டாமி ஜான் என்றொரு மனிதர் இருந்து, விளையாடி, 288 ஆட்டங்களில் வென்றார் என்பது தெரியாது.

கிரிக்கெட் அறிந்த நமக்கு பேஸ்பாலின் பிட்சர், அதாவது பந்தெறிவாளர், பந்துவீச்சாளரின் ஒன்றுவிட்ட சகோதரர். ஆனால், இரு கைகளின் வேலையும் வேறு. கிரிக்கெட்டில் பந்தை விடுவிக்கும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நீளக் கூடாது என்பது விதி. வேகப்பந்து வீச்சாளர் ஓடிவந்து, குதித்து, முதுகையும் முன்காலையும் வருத்தி வேகத்தை ஈட்டுகிறார். ஆகவேதான் அவர்களுக்கு முதுகெலும்பில் விரிசல் காண்கிறது. டென்னிஸ் லில்லி 1973இல் முதுகு முறிந்து, பந்துவீசும் முறையையே மாற்றிக்கொண்டு மீண்டார். பின்னாளில் சென்னைக்கு வந்து எம்ஆர்எஃப் அறக்கட்டளையில் இளம் வீச்சாளர்களைப் பயிற்றுவித்தார். ஜஸ்பிரீத் பும்ரா 2023இல் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதும் அந்த வகைக் காயத்தால்தான்.

பேஸ்பால் எறிவாளருக்கு ஓட்டம் கிடையாது. பத்து அங்குலம் உயர்ந்த மண்மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குலத் தொலைவுக்குப் பந்தை எறிய வேண்டும். காலிலும் இடுப்பிலும் பிறக்கும் விசை, உடற்பகுதி வழியே தோளுக்கு ஏறி, மடங்கிய முழங்கை வழியே சாட்டையின் நுனிபோல விரல்களைச் சேர்கிறது. மேற்கை முன்னே பாயும் கணத்தில் முன்கை இன்னமும் பின்தங்கி நிற்கும். அப்போது முழங்கையின் உட்புறம் பிளந்து திறக்க முயல்கிறது. அதைத் திறக்கவிடாமல் பிடித்திருப்பது மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைக்கும் சிறியதோர் இணைப்புநார்.

அந்த நாரின் வலிமையை ஆய்வுக்கூடங்களில் அளந்திருக்கிறார்கள். தொழில்முறை எறிவாளர் முழுவேகத்தில் எறிகையில் முழங்கையில் ஏறும் முறுக்குவிசை ஏறத்தாழ 64 நியூட்டன்-மீட்டர். இறந்தோரின் கைகளைக் கொண்டு நடத்திய சோதனைகளில் அதில் பாதி அளவிலேயே நார் அறுந்துவிட்டது. எஞ்சிய பளுவை முன்கைத் தசைகள் தாங்குவதால்தான் ஒவ்வொரு பந்திலும் நார் அறுவதில்லை. தசை களைத்துவிட்டால் அந்தப் பங்கு நாரின் தலையில் வந்து விழுகிறது. இந்தக் கட்டுரையில் பின்னர் வரவிருப்பவை அனைத்துக்கும் இந்த எளிய கணக்குதான் அடிப்படை.

டாமி ஜான் 1943இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். இடக்கை எறிவாளர். 1963இல் கிளீவ்லாந்து அணியில் அறிமுகமாகி, சிகாகோ வழியாக லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு வந்து சேர்ந்தார். அவரிடம் மிரட்டும் வேகம் இல்லை. மட்டையாளரை நெருங்குகையில் சட்டென்று கீழிறங்கும் 'சிங்கர்' பந்தே அவருடைய ஆயுதம். மட்டையின் அடிப்புறத்தில் பட்டுத் தரையோடு உருளும் அந்தப் பந்துகளைக் களத்தில் நிற்போர் பொறுக்கி ஆளை வெளியேற்றிவிடுவார்கள். பார்வையாளரை எழுந்து நிற்கவைக்கும் ஆட்டம் அன்று. நாணயமான கைவினைஞர் ஒருவரின் வேலை.

1974ஆம் ஆண்டுப் பருவத்தில் 13 வெற்றி, 3 தோல்வி என்ற நிலையில் இருந்தார். (பேஸ்பாலில் அணியின் வெற்றி தோல்வியை ஓர் எறிவாளரின் கணக்கில் எழுதுவது வழக்கம்.) ஜூலை 17 அன்று மான்ட்ரியால் அணிக்கு எதிராக எறிந்த ஒரு பந்தின்போது முழங்கைக்குள் ஏதோ விட்டுப்போனதை உணர்ந்தார். மேலும் ஒரு பந்தை எறிந்து பார்த்தார். பிறகு எவரும் அழைக்காமலே மேட்டை விட்டு இறங்கி நடந்தார்.

அதற்கு முன்பு அந்தக் காயம் கண்டவர்களுக்குத் தொழில் முடிந்தது என்றே பொருள். 'கை செத்துவிட்டது' என்பதுதான் அக்காலத்து ஆடுகள நோயறிக்கை. செத்த கைகள் ஊருக்குத் திரும்பி வேறு வேலை தேடின. அதே டாட்ஜர்ஸ் அணியின் ஒப்பற்ற எறிவாளர் சாண்டி கோஃபாக்ஸ், 27 வெற்றிகள் பெற்ற 1966ஆம் ஆண்டு முடிவில், முழங்கை மூட்டு அழற்சியால் 30 வயதிலேயே ஓய்வுபெற்றுவிட்டார். அவருடைய நோய் வேறு. ஆனால், ஒரு முழங்கையின் விலை என்ன என்பது அந்த அணிக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அணியின் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், இரண்டாம் உலகப் போரில் வான்வழிப் படைப்பிரிவு ஒன்றில் மருத்துவப் பொருள் விநியோகத்தில் பணியாற்றியவர். ஓரிடத்துத் தசைநாணை எடுத்து வேறிடத்தில் பொருத்தும் முறை, போலியோவால் தளர்ந்த கைகால்களின் சிகிச்சையில் அன்றே அறியப்பட்டிருந்தது. ஆனால், மணிக்கு 130, 140 கி.மீ. வேகத்தில் பந்தெறியும் முழங்கையில் எவரும் அதைச் செய்து பார்த்ததில்லை. மீண்டும் விளையாடுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான் உண்டு என்று ஜோப் ஒளிக்காமல் சொன்னார். செய்யாவிட்டால் அந்த ஒன்றும் இல்லை என்பது டாமி ஜானின் கணக்கு. 1974 செப்டம்பர் 25 அன்று அறுவை சிகிச்சை நடந்தது.

வாசகர் தம் கையிலேயே ஒன்றைப் பார்க்கலாம். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துவைத்து மணிக்கட்டைச் சற்று உள்நோக்கி மடக்கினால், நடுவில் ஒரு நாண் புடைத்தெழும். சிலருக்கு அது எழாது. மனிதர்களில் குறிப்பிடத்தக்க பங்கினருக்குப் பிறவியிலேயே அது இல்லை. இல்லாததால் அவர்கள் எந்த வேலையிலும் குறைந்துபோவதும் இல்லை. பரிணாமம் ஏறக்குறையக் கைவிட்டுவிட்ட அந்த நாணைத்தான் ஜோப், டாமி ஜானின் வலது முன்கையிலிருந்து எடுத்தார். இடது முழங்கையின் எலும்புகளில் துளையிட்டு, எட்டு என்ற எண் வடிவில் அதைக் கோத்துக் கட்டினார். நாளடைவில் புதிய இரத்தக் குழாய்கள் அதனுள் வளர்ந்து, அது இணைப்புநாரின் தன்மையைப் பெறும் என்பது எதிர்பார்ப்பு.

உடனடிக் காட்சி அச்சமூட்டியது. நரம்பு பாதிக்கப்பட்டு, இடது கை விரல்கள் கொக்கிபோல் மடங்கிக்கொண்டன. அதே டிசம்பரில் இன்னோர் அறுவை தேவைப்பட்டது. 1975ஆம் ஆண்டு முழுவதும் ஆட்டமில்லை. உடலியக்கத் துறையைக் கற்றிருந்த சக எறிவாளர் மைக் மார்ஷலின் துணையோடு, கையையும் காலையும் குறைவாக வருத்தும் வேறொரு எறிமுறையை அவர் பழகிக்கொண்டார். பழுதுபார்த்த கையோடு பழைய முறைக்கே அவர் திரும்பிவிடவில்லை என்ற இந்தச் செய்தி, 'அற்புத அறுவை சிகிச்சை' என்ற கதையில் வழக்கமாக விடுபட்டுப்போகிறது.

1976இல் மீண்டும் மேட்டில் ஏறினார். 10 வெற்றி, 10 தோல்வி. அடுத்த ஆண்டு 20 வெற்றிகள். அதற்கு முன் அவர் ஒரே பருவத்தில் 20 வென்றதே கிடையாது. நியூயார்க் யாங்கீஸ் அணிக்குச் சென்று 1979இல் 21, 1980இல் 22. கோஃபாக்ஸின் வேகத்தைத் தமக்குப் பொருத்தும்படி மருத்துவரிடம் கேட்டதாகவும், அவரோ கோஃபாக்ஸின் மனைவியுடைய வேகத்தைப் பொருத்திவிட்டதாகவும் டாமி ஜான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கடைசியாக அவர் ஆடியது 1989 மே மாதம், 46 வயது நிறைந்த சில நாட்களில். காயத்துக்கு முன் 124 வெற்றிகள், பின் 164. இரண்டாம் பாதியே பெரிது.

இத்தனைக்கும் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் அவருக்கு இடமில்லை. 300 வெற்றிகள் என்ற வழக்கமான எல்லைக்கோட்டுக்கு 12 குறைவு. செய்தியாளர்களின் வாக்கெடுப்பில் 15 ஆண்டுகள் நின்றும், தேவையான 75 விழுக்காட்டில் பாதியைக்கூட அவர் எட்டவில்லை. 2013இல் புகழ்மண்டப விழாவில் மருத்துவர் ஜோப் சிறப்பிக்கப்பட்டபோது, டாமி ஜான் அங்கே விருந்தினராக இருந்தார். 2024 டிசம்பரில் பழைய வீரர்களுக்கான குழு கூடியபோது அவருக்கு 16இல் 7 வாக்குகளே கிடைத்தன, தேவை 12. அன்று தேர்வானவர்களுள் ஒருவர், காலஞ்சென்ற டிக் ஆலன். 1971இல் சிகாகோ அணி டாமி ஜானைக் கொடுத்து வாங்கியது இவரைத்தான்.

ஜோப் தம் முதல் முடிவுகளை 1986இல் வெளியிட்டார். 16 விளையாட்டு வீரர்களில் 10 பேர் பழைய தரத்துக்குத் திரும்பியிருந்தனர். பின்னர் நுட்பம் செம்மைப்பட்டது. இன்று ஐவரில் நால்வர் திரும்புகிறார்கள். ஷோஹெய் ஓதானி 2018இல் முழங்கை அறுவை செய்துகொண்டு, 2023இல் மீண்டும் அறுவைக்கு உள்ளானார். பந்தெறிய இயலாத 2024இல் மட்டையால் மட்டும் 54 ஹோம் ரன் அடித்தார். 2025இல் மறுபடி எறிய வந்துவிட்டார். உத்தரப் பிரதேச கிராமத்திலிருந்து ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் மூலம் பிட்ஸ்பர்க் அணியின் பயிற்சிக் களத்துக்குப் போன ரிங்கு சிங்கின் இடது முழங்கையும் இதே சிகிச்சைக்கு உள்ளானது. அவர் பெரிய லீக்கை எட்டவில்லை.

சிகிச்சையின் வெற்றி, ஆட்டத்தின் துணிவையும் மாற்றியிருக்கிறது. 2008இல் பெரிய லீக் வேகப்பந்துகளின் சராசரி மணிக்கு 91.3 மைல், 2024இல் 94.2 மைல், அதாவது ஏறத்தாழ 151 கி.மீ. எறிவாளர் காயங்கள் குறித்து லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, வேகத்தையும் பந்தின் சுழற்சியையும் கூட்டுவதற்கான ஓயாத முயற்சியைக் காரணமாகக் காட்டியது. எல்லாப் பந்தையும் உச்ச விசையில் எறிபவருக்கே ஒப்பந்தம் கிடைக்கிறது. நார் அறுந்தால் தைத்துக்கொள்ளலாம், ஓராண்டு ஊதியத்தோடு ஓய்வு என்று அணிகளும் வீரர்களும் கணக்குப் போடுகிறார்கள். வயதுவந்தவர்கள் தம் தொழிலில் எடுக்கும் முடிவு அது. பிறர் குறை சொல்ல அதில் அதிகம் இல்லை.

சிறுவர்களின் நிலைமை அவ்வாறில்லை. 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் நடந்த இவ்வகை அறுவைகளை ஆராய்ந்த ஓர் ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவை 15 முதல் 19 வயதுக்குட்பட்டோருக்குச் செய்யப்பட்டவை. அலபாமாவின் பர்மிங்ஹாமில் உள்ள விளையாட்டு மருத்துவ ஆய்வு நிறுவனம் 2006இல் சொன்னது இன்னும் கூர்மையானது: ஆண்டுக்கு எட்டு மாதங்களுக்கு மேல் போட்டிகளில் எறியும் இளையோர் அறுவை சிகிச்சைக்கு ஆளாகும் வாய்ப்பு 5 மடங்கு, களைத்த கையோடு வழக்கமாக எறிவோருக்கு 36 மடங்கு. தசை களைத்தால் பளு நாருக்கு மாறும் என்று முன்பே பார்த்தோம். அதன் புள்ளிவிவர வடிவம் இது.

இதில் வேதனையான வேடிக்கை ஒன்றும் உண்டு. அறுவைக்குப் பின் கை முன்னைவிட வேகமாக எறியும் என்று நம்பும் மாணவர்களும் பயிற்சியாளர்களும் பெற்றோரும் கணிசமாக இருப்பதை ஆய்வுகள் காட்டின. நலமாக உள்ள பிள்ளைக்கே இதைச் செய்யலாமா என்று மருத்துவரைக் கேட்டவர்கள் உண்டு. புதிய நார் வேகம் தருவதில்லை. சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள், பலர் வாழ்வில் முதன்முறையாக, முறையான உடற்பயிற்சியும் ஓய்வும் பெறுகிறார்கள். கூடுவதாகத் தோன்றும் வேகம் அதன் விளைவு.

தம் பெயர் பள்ளிப் பிள்ளைகளின் தழும்புகளில் எழுதப்படுவதை டாமி ஜான் விரும்பவில்லை. அதை வெளிப்படையாகவே சொல்லிவருகிறார். அவருக்கு அது நேர்ந்தது 31 வயதில், பெரிய லீக்கில் பத்துக்கும் மேற்பட்ட பருவங்கள் எறிந்த பிறகு.

விதிகள் இல்லாமலில்லை. 2014இல் லீக்கும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வயதுவாரியான வரம்புகளை வெளியிட்டன: 9, 10 வயதினர் நாளொன்றுக்கு 75 பந்துகள், 15, 16 வயதினர் 95 பந்துகள், ஆண்டில் நான்கு மாதங்கள் போட்டி எறிதலுக்கு விடுப்பு. ஜப்பானில் கோஷியன் பள்ளிப் போட்டியில் 16 வயது மாணவர் ஒருவர் 2013இல் ஐந்து ஆட்டங்களில் 772 பந்துகள் எறிந்ததை நாடே கைதட்டிப் பார்த்தது. 2020 முதல் அங்கும் வாரத்துக்கு 500 பந்துகள் என்ற உச்சவரம்பு வந்துவிட்டது. அமெரிக்காவின் வரம்புகளோ பரிந்துரைகள்தாம். பள்ளி அணி தன் பந்துகளை எண்ணுகிறது. வார இறுதியில் கட்டணம் பெற்று நடத்தப்படும் தனியார் போட்டி தன் பந்துகளை எண்ணினால் எண்ணும். ஒரே சிறுவன் வெள்ளிக்கிழமை பள்ளிக்காகவும் ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்காகவும் எறியும்போது, இரண்டு தாள்களையும் ஒன்றாக வைத்துக் கூட்டிப் பார்க்க வேண்டியவர் காரோட்டிக்கொண்டு வந்த அப்பாவோ அம்மாவோதான்.