அறுபதாம் நாளிலும் கசியும் உரம்

ஹாலிஎலத் தேயிலைச் சரிவுகளில் தூர் தூராக யூரியா தூவி முடித்த அன்றிரவே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், போட்டதில் ஒரு பங்கு கானில் இறங்கி, ஓடையோடு பதுளு ஓயாவுக்குப் போய்விடும். மழை பெய்யாவிட்டாலும், மண்ணிலுள்ள நொதியம் சில நாட்களிலேயே யூரியாவை அமோனியாவாக உடைக்க, அதில் கொஞ்சம் காற்றோடு போகும். ஆக, குறை உரத்தின் அளவில் இல்லை, அது வெளிப்படும் வேகத்தில் இருக்கிறது. மருத்துவத்திலும் இதே தலைவலிதான். மருந்து முழுவதும் ஒரேயடியாக இரத்தத்தில் கலந்தால் முதலில் நஞ்சு, பிறகு பற்றாக்குறை. அதற்காகத்தான் மருந்தை நனோத் துணிக்கைகளில் ஏற்றி, சிறுகச் சிறுக விடவைக்கிறார்கள். அப்படிச் சுமக்கும் பொருட்களில் ஒன்று, நம் எலும்பில் உள்ள கனிமமான ஹைட்ரொக்சிஅபடைட்.

அதையே உரத்துக்குச் சுமைதாங்கி ஆக்கினார்கள் ஸ்லின்டெக் எனப்படும் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகத்தில் நில்வலா கொத்தேகொட குழுவினர். 2011இல் வெளியான ஆய்வில், யூரியா பூசிய இத்துணிக்கைகளைக் கிளிரிசிடியா மரத்துண்டின் நுண்துளைகளுக்குள் அழுத்திப் புகுத்தினார்கள். தோட்டத்தில் நிழலுக்கு வைக்கிறோமே, அதே மரம்தான். கடையில் வாங்கும் உரம் ஆரம்பத்திலேயே கொட்டித் தீர்த்து, முப்பது நாளளவில் ஓய்ந்தது. இதுவோ அறுபதாம் நாளிலும் நைதரசனைக் கசியவிட்டது. 2017இல் மரத்தை விட்டுவிட்டு, ஆறு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு கனிமம் சேர்த்தார்கள். வெறும் யூரியாவைவிடப் பன்னிரண்டு மடங்கு மெதுவாக அது கரைந்தது. வயலில் பாதி யூரியாவோடு நெல் விளைச்சல் குறையவில்லை.

அமில மண்ணில் இந்தக் கனிமமே கரையுமே, தேயிலை மண் அமிலம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2011 சோதனைக்கு எடுத்த மண்களில் ஒன்றின் பீஎச் 4.2 என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் அது ஆய்வுகூடச் சோதனை. பிந்திய வயல் பரிசோதனையும் நெல்லில்தான், தேயிலை மலையில் அல்ல. இன்னொரு சந்தேகம் 2021 தந்தது: அந்த ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் வந்திறங்கிய பிறகு, ‘நனோ’ என்றாலே நம்மவர் முகம் சுளிக்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. அதைத் தயாரித்த இந்திய உரக் கூட்டுறவான இப்கோவின் அரை லீற்றர் நனோ யூரியாவில், அப்போதைய 4 சதவீதக் கணக்கில், நைதரசன் 20 கிராம்தான் இருந்தது. 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ. இலையில் தெளிப்பதால் குறைவாகவே போதும் என்கிறார்கள். ஒரு துளி சிந்தாமல் இலை உறிஞ்சினாலும் 20 கிராம் 20 கிராம்தான். ஸ்லின்டெக் கலவையின் எடையிலோ சுமார் 40 சதவீதம் நைதரசன். இரண்டுக்கும் பெயர் மட்டுமே பொது.

எனவே நனோ உரம் என்று யாராவது விற்க வந்தால், துணிக்கை எவ்வளவு சிறியது என்று கேட்காதீர்கள். பீஎச் 4.5 மண்ணில், அறுபதாம் நாள் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள்.