பாரிஸ் போகும் பூந்தமல்லிக்காரர்கள்!

"பாரிஸ் வரை போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் பஸ் ஏறுகிறவர்கள் ஏராளம். பிரான்சு நாட்டுக்கா போகிறார்கள்? இல்லை! சென்னை பாரிமுனைக்கு!

இந்தப் பாரி யார்? முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளலா? அவரும் அல்ல. வேல்ஸ் நாட்டு வியாபாரி தாமஸ் பாரி. 1788-ம் ஆண்டு சென்னையில் வியாபாரம் தொடங்கியவர். 1824-ல் பரங்கிப்பேட்டையில் காலரா கண்டு இறந்தார். அவருடைய கம்பெனி இருந்த மூலைதான் "பாரி'ஸ் கார்னர்". அதாவது, பாரியுடைய முனை.

"பாரி"க்கும் "ஸ்"சுக்கும் நடுவே, உயரத்தில் கொக்கி போல ஒரு குறி நிற்கிறது அல்லவா? அதன் பெயர் அப்பாஸ்ட்ரபி. அது கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது. குழப்பம் அங்கேதான்!

"கள்"ளா, "உடைய"வா?

தமிழில் "கள்" வேறு, "உடைய" வேறு. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் "ஸ்" ஓசைதான். எனவே, எழுதும் முன் தமிழில் கேட்டுப் பாருங்கள். "கள்" என்றால் கொக்கி வேண்டாம். "உடைய" என்றால் கொக்கி வேண்டும்.

"மீல்'ஸ் ரெடி" என்று கொக்கி போட்ட பலகையைப் பார்த்திருப்பீர்கள். "சாப்பாட்டினுடைய தயார்" என்று யாராவது சொல்வார்களா?

யாருடைய வீடு?

கொக்கி நிற்கும் இடமும் முக்கியம். "பிரதர்'ஸ் ஹவுஸ்" என்று "ஸ்"சுக்கு முன்னால் நின்றால், வீடு ஒரே ஒரு சகோதரனுடையது. "பிரதர்ஸ்' ஹவுஸ்" என்று பின்னால் நின்றால், சகோதரர்கள் பலருக்கும் பங்கு உண்டு! கடிதத்தில் இதை மாற்றி எழுதினால், ஒரு தம்பியின் பங்கே காணாமல் போய்விடும்.

எழுத்தை விழுங்கிய இடத்திலும் கொக்கி வரும். "டு நாட்" என்பது "டோன்'ட்" ஆவது அப்படித்தான்.

பிள்ளைகள் பரீட்சையில் மார்க்கைக் கோட்டை விடுவது "இட்ஸ்" என்ற சொல்லில்! "அதனுடைய" என்ற பொருளில் அதற்குக் கொக்கி கிடையாது. "இட் இஸ்" என்பதன் சுருக்கமானால் மட்டுமே உண்டு. என்ன நியாயமோ!

வெள்ளைக்காரர்களும் திண்டாடுகிறார்கள். இங்கிலாந்தில் ஜான் ரிச்சர்ட்ஸ் என்பவர் இந்தக் குறியைக் காப்பாற்ற 2001-ல் ஒரு சங்கமே தொடங்கினார். 2009-ல் பர்மிங்காம் நகரசபை, தெருப் பலகைகளில் இனி அது வேண்டாம் என்று முடிவு செய்தது. 2019-ல், தமது 96-வது வயதில், "சோம்பேறித்தனம் வென்றுவிட்டது" என்று வருந்தி ரிச்சர்ட்ஸ் சங்கத்தை மூடினார்.

சென்னையில் 1844-ல் தோன்றிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும் ஹிக்கின்பாதம் என்பவருடைய கடைதான். ஆனால் அதன் பெயரில் இப்போது கொக்கி இல்லை!