முலாம்பழத்தில் எந்தக் கொடியை விதைக்கு விடுவது?

முலாம்பழம் பயிரிடும் உழவர்களில் பலர், அறுத்த பழங்களைக் குவித்து அவற்றுள் மிகப் பெரியதை விதைக்கென்று ஒதுக்குகின்றனர். பெரிய பழத்தின் விதை பெரிய பழத்தைத் தரும் என்பது அவர்களது நம்பிக்கை. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்தப் பழம் காய்த்த கொடியில் வேறு எத்தனை பழங்கள் இருந்தன என்பது குவியலில் தெரியாது. ஒரே ஒரு காய் பிடித்த கொடியில் அந்தக் காய் பெருக்கத்தான் செய்யும். அதன் விதையை எடுத்து விதைப்பவர், தம்மை அறியாமலேயே குறைந்த காய்ப்புள்ள கொடியைத் தேர்ந்தெடுத்து விடுகிறார்.

கொடியின் விளைச்சல், பழங்களின் எண்ணிக்கையையும் சராசரி எடையையும் பொறுத்தது. ஒரு கொடியில் ஒன்றரை கிலோ பழங்கள் 2 என்றும், மற்றொன்றில் 900 கிராம் பழங்கள் 4 என்றும் வைத்துக் கொள்வோம். முன்னது 3 கிலோ, பின்னது 3.6 கிலோ தருகிறது. இவ்விரு பண்புகளும் பெரும்பாலும் எதிரெதிராகவே செல்லும்; ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கொண்டே போனாலும் நன்மையில்லை. முலாம்பழம் பறித்த பிறகு இனிப்பு ஏறுவதில்லை. இலைகள் கொடியில் இருக்கும்போது அனுப்பும் சர்க்கரைதான் பழத்தின் சுவை. இலைக்கு மிஞ்சிக் காய்த்தால் பழம் சப்பென்றாகிவிடும். ஆகவே சந்தைக்கு ஏற்ற எடையை முதலில் முடிவு செய்து கொண்டு, அந்த எடைக்குக் குறையாமல் அதிகப் பழங்கள் தாங்கும் கொடியைத் தேடுவதே சரியான வழி.

இத்தகைய கொடியைப் பூக்கும் பருவத்திலேயே ஓரளவு இனங்காணலாம். பெரும்பாலான இரகங்களில் ஒரே கொடியில் ஆண் பூக்களும் இருபால் பூக்களும் உண்டு. தலைக்கொடியில் ஆண் பூக்களே மிகுதி. காயாக மாறும் இருபால் பூக்கள் பக்கக்கொடிகளின் முதல் ஒன்றிரண்டு கணுக்களில்தான் தோன்றுகின்றன. எனவே அடிக்கணுக்களிலிருந்து பக்கக்கொடிகள் விரைவில் கிளைத்து, இருபால் பூ முன்னதாகத் தோன்றும் கொடியே நம்பிக்கைக்குரியது. கொடியின் நீளத்தைக் கண்டு ஏமாற வேண்டாம்.

கடைசி அறுவடை வரை இலை பசுமையாக இருக்கிறதா என்பதும் விளைச்சலைச் சேர்ந்த பண்புதான். 1936-இல் கலிபோர்னியாவில் வெளியான பி.எம்.ஆர். 45 என்ற புகழ்பெற்ற இரகத்தின் சாம்பல் நோய் எதிர்ப்புத்திறன், இந்தியாவிலிருந்து சென்ற முலாம்பழ விதையிலிருந்து பெறப்பட்டதாகும். நம் வயலில் நோய் தாக்காமல் நிற்கும் ஒற்றைக் கொடியை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது.

வாய்க்கால் ஓரத்துக் கொடியும், பக்கத்துக் குழி காலியாக உள்ள கொடியும் இயல்பாகவே அதிகம் காய்க்கும். அது நீரும் இடமும் தந்த விளைச்சல், விதையில் வராது. இதனைத் தவிர்க்க வயலைச் சுமார் 50 கொடிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கொடியையும் அதன் கட்டத்துக்குள் மட்டும் ஒப்பிட வேண்டும். கார்டனர் என்ற அறிஞர் மக்காச்சோளத்தில் இம்முறையைக் கையாண்டு 1961-இல் வெளியிட்டார்.

தேனீக்கள் அயல் மகரந்தத்தைக் கொண்டு வருவதால், நல்ல கொடியின் விதையும் கலப்பாகிவிடும். பழுத்தால் வெடிக்கும் வெள்ளரிப்பழமும் இதே இனமாதலால் அதனோடும் கலக்கும். கட்டத்துக்கு ஐந்து கொடிகளைத் தேர்ந்து, மறுநாள் மலரவிருக்கும் இருபால் மொட்டு ஒன்றையும், அதே கொடியின் ஆண் மொட்டுகள் சிலவற்றையும் முந்திய மாலையே வெண்ணெய்த்தாள் பையால் மூட வேண்டும். காலையில் ஆண் பூவின் மகரந்தத்தை இருபால் பூவின் சூல்முடியில் தடவி, மீண்டும் மூடி, காம்பில் வண்ண நூல் கட்ட வேண்டும். இருபால் பூதானே, தானாகக் காய்க்கும் என்று விட்டுவிட்டால் காய் பிடிக்காது. முதலில் தோன்றும் பூவிலேயே இதைச் செய்தல் நன்று. காய்கள் பிடித்துவிட்ட கொடியில் பிந்திய பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். முலாம்பழம் தன் மகரந்தத்தால் காய்ப்பதால் அதிகம் நலிவதில்லை என்பது நமக்குச் சாதகமான செய்தி.

அறுவடையின்போது ஐந்து கொடிகளின் பழங்களையும் தனித்தனியே எண்ணி எடை போட்டு, சிறந்த இரண்டை மட்டும் வைத்துக் கொள்ளலாம். நூல் கட்டிய பழத்தை அறுத்து, சதை தடிமனாகவும் விதைக்குழி சிறியதாகவும் உள்ளதா என்று பார்த்து, சுவைத்தும் பார்க்க வேண்டும். வீரிய ஒட்டு இரகத்தில் இம்முறையில் விதை எடுத்தால், அடுத்த பருவத்தில் பல வகைக் கொடிகள் பிரிந்து வரும். அதற்கு ஆண்டுதோறும் புது விதைதான் வாங்க வேண்டும்.

ஒவ்வொரு கொடியின் விதையையும் கழுவி நிழலில் உலர்த்தி, தனிப் பையில் எண்ணிட்டு வைத்து, அடுத்த பருவத்தில் தனித்தனி வரிசையாக விதைக்க வேண்டும். ஒரு வரிசையில் ஒன்றிரண்டு கொடிகள் மட்டும் சிறந்து மற்றவை சோடையானால் அந்த வரிசையையே விட்டுவிடலாம். வரிசை முழுவதும் ஒருசேரக் காய்த்தால், மறு தேர்வை அதற்குள்ளிருந்து தொடங்கலாம்.