கராஜுக்குள் ஒரு பீர் ஆலை

757 லிட்டர். இரண்டு பெரியவர்கள் இருக்கும் ஓர் அமெரிக்க வீட்டில், வரி கட்டாமல், லைசென்ஸ் வாங்காமல் ஒரு வருடத்தில் இவ்வளவு பீர் காய்ச்சிக்கொள்ளலாம் என்கிறது அந்நாட்டு மத்திய சட்டம். அவர்கள் கணக்கில் 200 கேலன். ஒரே ஒரு பெரியவர் என்றால் இதில் பாதி. விற்கக் கூடாது. காய்ச்சி வடித்துச் சாராயமாக்குவது இந்தச் சலுகையில் சேராது. மற்றபடி எவ்வளவு பெரிய அண்டா, எந்த அடுப்பு, எந்த அறை என்றெல்லாம் இந்தச் சட்டம் கேட்பதில்லை.

வகுத்துப் பார்த்தால் ஆளுக்குத் தினம் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் வருகிறது. அத்தனையையும் யார் குடிப்பது, ஈரல் என்ன ஆகும் என்பதை மருத்துவப் பக்கத்துக்கு விட்டுவிடுவோம். தமிழ்நாட்டில் 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் ஒரு பாட்டில் பீர் காய்ச்சினாலும் குற்றம்தான். ஆகவே இது செய்முறைக் குறிப்பு அல்ல. ஒரு பொழுதுபோக்கு வளர்ந்து வீட்டுக்குள்ளேயே தொழிற்சாலையாகும்போது என்ன நடக்கிறது என்பதுதான் இங்கே விஷயம்.

1933இல் மதுவிலக்கு விலகியபோது அமெரிக்கர்களுக்கு வீட்டில் ஒயின் தயாரிக்க வழி பிறந்தது, பீருக்குப் பிறக்கவில்லை. அதற்கு 45 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். அடுத்த பிப்ரவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மாநிலங்கள் தத்தம் வேகத்தில் பின்னால் வந்தன. கடைசி இரண்டான மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் இறங்கிவந்தன.

அதே 1978இல் கொலராடோவின் போல்டர் நகரில் வீட்டுப் பீர்க்காரர்களுக்கென்று ஒரு சங்கம் உருவானது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான சார்லி பபாசியன் அணுப் பொறியியல் படித்துவிட்டுப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். 1984இல் அவர் எழுதிய கையேடுதான் ஒரு தலைமுறைக்கே பாடநூல். பதறாதீர்கள், சின்னத் தவறுகளைப் பீர் தாங்கிக்கொள்ளும் என்பது அவருடைய உபதேசம். கலிபோர்னியாவின் சிக்கோ ஊரில் வீட்டுப் பீர் சாமான் கடை வைத்திருந்த கென் கிராஸ்மன், பால் பண்ணைகள் கழித்துப்போட்ட தொட்டிகளை வாங்கி வெல்டிங் செய்து, 1980இல் சியரா நெவாடா ஆலையின் முதல் பீரைக் காய்ச்சினார். இன்று அது அமெரிக்காவின் மிகப் பெரிய தனியார் பீர் ஆலைகளில் ஒன்று. கராஜில் அண்டா வைத்திருக்கும் ஒவ்வொருவரின் மனதிலும் ஒரு கிராஸ்மன் உட்கார்ந்திருக்கிறார். ஆசைக்கு அதுவே விதை.

மூன்று அண்டா, இரண்டு பம்ப்

சமையலறையில் தொடங்குபவர்கள் ஒரு தடவைக்கு 5 கேலன், அதாவது 19 லிட்டர் காய்ச்சுகிறார்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியை 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்தால் முதல் நாள் வேலை முடிந்தது. சாமான் கழுவுவதையும் சேர்த்தால் ஐந்தாறு மணி நேரம் ஆகும். 38 லிட்டர் காய்ச்சினாலும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஒரே உழைப்பில் இரட்டை விளைச்சல் என்ற இந்தக் கணக்கில்தான் எல்லோரும் விழுகிறார்கள்.

அடுத்த படி கெக். மதுக்கூடங்களுக்குப் பீர் வரும் 15.5 கேலன் ஸ்டீல் பீப்பாயின் மேல்மூடியை அறுத்தெடுத்து, அடியில் துளையிட்டு வால்வு பொருத்தினால் 58 லிட்டர் அண்டா தயார். கடையில் டெபாசிட் கட்டிவிட்டதால் மட்டும் பீப்பாய் நம்முடையதாகிவிடாது. அது ஆலையின் சொத்து. ஆலை கழித்துவிட்டதைத்தான் முறைப்படி விலைக்கு வாங்க வேண்டும். வாங்கிய பிறகும் உள்ளே இருக்கும் அழுத்தத்தை முழுக்க வெளியேற்றாமல் பிளேடை வைத்தால் ஆபத்து.

வெந்நீருக்கு ஒன்று, பார்லி ஊற ஒன்று, கொதிக்க ஒன்று என்று இப்படி மூன்று. பம்ப் பரவலாக வராத நாட்களில் இரும்பு ஸ்டாண்டில் படிப்படியாக உயர்த்தி வைத்தார்கள். மேல் அண்டாவில் வெந்நீர் தலைக்கு மேலே நிற்கும். உள்ளே எட்டிப்பார்க்க ஸ்டூல் வேண்டும். இப்போது இரண்டு பம்பும் சிலிக்கான் ஹோஸும் அந்த வேலையைச் செய்கின்றன. கொதித்து முடிந்த 40 லிட்டர் சாற்றைச் சீக்கிரம் ஆறவைக்கச் செம்புச் சுருள்குழாயை உள்ளே இறக்கி, அதற்குள் குழாய்த் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். கிடைக்கும் பீரைப்போல் பல மடங்கு தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. ஊறிய பார்லிச் சக்கை ஓரிரு நாளில் நாறத் தொடங்கும். கோழிக்கும் மாட்டுக்கும் போடலாம். ஹாப்ஸ் சக்கையைத் தோட்டத்தில் கொட்டி அதை நாய் தின்றுவிட்டால், உடல் சூடு தாறுமாறாக ஏறிச் செத்தே போகலாம்.

இதற்கும் மேலே போகிறவர்கள் ஒரு பேரல், 117 லிட்டர், பிடிக்கும் ஏற்பாட்டுக்கு ஆசைப்படுகிறார்கள். இங்கேதான் வேடிக்கை. ஒரு பேரல் என்பது 31 கேலன். ஆறு தடவை காய்ச்சினால் 186 கேலன். ஏழாவது தடவை சட்ட வரம்பைத் தாண்டிவிடும். கராஜில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் சாதனம் வருடத்தில் ஆறே நாள் வேலை செய்யும். இதை ஆலை என்பதா, அலங்காரம் என்பதா?

பெரிதாகாத ஒன்று

அண்டாவைப் பெரிதாக்கலாம். அடுப்பை, பம்பை, குழாயைப் பெரிதாக்கலாம். கராஜுக்குள் இருக்கும் காற்றைப் பெரிதாக்க முடியாது. என்னை உறுத்துவது இதுதான்.

முதலில் அடுப்பு. கல்யாண வீட்டுச் சமையலுக்கு நம்மூரில் கொல்லைப்புறத்தில் பந்தல் போட்டுக் கோட்டை அடுப்பு வைக்கிறோம். யாரும் அதைக் கூடத்துக்குள் கொண்டுவருவதில்லை. இவர்கள் வாங்கும் புரொப்பேன் பர்னரும் அந்த ஜாதிதான். மணிக்கு 60,000 பிடியு என்று போட்டிருந்தால் 17 கிலோவாட்டுக்கும் மேல். அமெரிக்கச் சமையலறை அடுப்பின் ஒரு பர்னரைப்போல் ஐந்தாறு மடங்கு. திறந்தவெளியில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. மின்னசோட்டாவில் ஜனவரி மாதம் வெளியே மைனஸ் 20 டிகிரி இருக்கும்போது அந்த எழுத்து யார் கண்ணில் படும்? கதவைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் இதமாக இருக்கும் என்று தோன்றும். கொஞ்சம் இறங்கிய கதவு கொஞ்ச நேரத்தில் முழுசாக இறங்கிவிடும். காற்றோட்டம் குறைந்தால் எரிவாயு சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலியும் கிறுகிறுப்பும் வரும்போது கையில் பீர் கிளாஸ் இருந்தால், பழி பீர் மேல்தான் விழும்.

இதற்குப் பயந்து மின்சாரத்துக்கு மாறியவர்கள் உண்டு. 5,500 வாட் ஹீட்டர் 240 வோல்ட்டில் சுமார் 23 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 120 வோல்ட் பிளக்கில் அது நடக்காது. 30 ஆம்பியருக்குத் தனி வயரிங் வேண்டும். ஈரத் தரையில் கசிவு வந்தால் உடனே டிரிப் ஆகும் பாதுகாப்பும் வேண்டும். பெட்டியை வாங்கி இணைப்பைத் தாமே கொடுத்துக்கொள்ளும் கைகாரர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு மணி நேரக் கொதிப்பில் லிட்டர் லிட்டராக ஆவியாகும் தண்ணீரை வெளியேற்ற எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாவிட்டால் சில மாதங்களில் சுவரில் பூஞ்சை படரும்.

அடுப்பை அணைத்த பிறகும் காற்றுக்கு ஓய்வில்லை. ஒரு லிட்டர் பீர் நொதிக்கும்போது ஏறக்குறைய 20 லிட்டர் கார்பன் டையாக்சைடு வெளிவருகிறது. 117 லிட்டருக்கு அது இரண்டாயிரம் லிட்டரைத் தாண்டும். சில நாட்களில் மெல்ல வெளிவருவதால், நல்ல காற்றோட்டம் இருந்தால் பயமில்லை. ஆனால் குளுகுளுவென்று இருக்கட்டும் என்று பலரும் தேர்ந்தெடுப்பது ஜன்னலில்லாத நிலவறையைத்தான்.

அதைவிடப் பெரிய கவலை சிலிண்டர். தயாரான பீரை 19 லிட்டர் ஸ்டீல் கெக்குகளில் நிரப்பி, கார்பன் டையாக்சைடு அழுத்தத்தில் வைக்கிறார்கள். கெக்குகளுக்கு இடம் மேல்மூடி வைத்த பெரிய ஃப்ரீசர். சிலிண்டரும் பல வீடுகளில் அதற்குள்ளேயே நிற்கிறது. பத்தடிக்குப் பத்தடி, எட்டடி உயரம் உள்ள மூடிய அறையில் 9 கிலோ சிலிண்டர் முழுவதும் கசிந்தால், அறைக் காற்றில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அந்த வாயுவாகிவிடும். 4 சதவீதத்தையே உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை. இரண்டேகால் கிலோ குட்டிச் சிலிண்டர் காலியானாலும் அந்தக் கோடு தாண்டிவிடும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் ஃப்ரீசருக்குள்ளேயே தேங்கி நிற்கும். அடியில் இருக்கும் கெக்கைத் தூக்க மூடியைத் திறந்து, இடுப்பு வரை குனிந்து, மூச்சை இழுத்துப் பிடித்துத் தம் கட்டுவார் வீட்டுக்காரர். அவர் இழுக்கும் மூச்சில் என்ன இருக்கிறது என்பதை யார் பார்த்துச் சொல்வது?

வர்த்தக ஆலையில் பார்த்துச் சொல்ல ஆள் உண்டு. வாயு மானி உண்டு, தீயணைப்புத் துறையின் சோதனை உண்டு, தொட்டிக்குள் இறங்க விதிமுறை உண்டு. வீட்டில் அந்த வேலைக்கு ஆளில்லை. பண்டிகைக்கு வான்கோழி வறுக்க லட்சக்கணக்கானோர் இதே பர்னரைத்தானே கொளுத்துகிறார்கள், எங்களை மட்டும் ஏன் பயமுறுத்துகிறீர்கள் என்று வீட்டுப் பீர்க்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வான்கோழிக்காரர் வருடத்துக்கு ஒரு நாள் கொல்லையில் வறுக்கிறார். இவர்கள் அதை வீட்டுக்குள் நிரந்தரமாகக் குடிவைக்கிறார்கள்.

பெரிதாக்கத்தான் வேண்டுமென்றால் வரிசையை மாற்றலாம். முதலில் கதவும் ஃபேனும், அடுத்து வயரிங், கடைசியில் அண்டா. சிலிண்டரை ஃப்ரீசருக்கு வெளியே சங்கிலியால் கட்டி நிறுத்தலாம். அலாரம் மாட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைப்பது கார்பன் மோனாக்சைடு அலாரம். அடுப்புக்கு அது போதும். சிலிண்டரிலிருந்து கசியும் கார்பன் டையாக்சைடை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. அதற்கு வேறு கருவி. இரண்டுக்கும் சுவரில் இடமில்லாத வீட்டில் மூன்றாவது அண்டாவுக்கும் இடமில்லை.