பழைய தொடர்மாடியும் புதிய தரையும்

கார்ஜ் லே கொனெஸில் எமது குடும்பங்களிற் பல 1960களில் எழுந்த தொடர்மாடிகளிலேயே வாழ்கின்றன. மங்கிய சுவர்த்தாளும் தேய்ந்த தரையும் மனத்தைச் சோர்வடையச் செய்வது இயல்பே.

வாடகைக்கு இருப்போர் வர்ணம் பூசவும், சாமிப்படத் தட்டுக்காகச் சுவரில் துளையிடவும் அனுமதி கோரவேண்டியதில்லை. சுவரை இடிப்பது போன்ற மாற்றங்களுக்கே, 1989 ஜூலை 6ஆம் திகதிச் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. அஃதின்றிச் செய்தால், வெளியேறும்போது பழையபடி ஆக்கித் தருமாறு கேட்கலாம். செலவழித்த பணமும் திரும்பாது.

நாளாந்தம் மீன் பொரியும் குசினிக்குத் துடைக்கக்கூடிய, சற்றே மினுக்கமான வர்ணம் ஏற்றது. பூசுமுன் எண்ணெய்ப் படலத்தைச் சவர்க்கார நீரால் கழுவாவிடின் அது உரியும்.

தரை விடயம் வேறு. அக்காலத்துச் சதுர ஓடுகளிலும் அவற்றின் கீழுள்ள கரும்பசையிலும், பிரான்ஸ் 1997இல் தடைசெய்த அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கக்கூடும். ஊரில் கூரைச் சீற்றாக நாம் அறிந்த அதே பொருள். ஓடு முழுதாயிருக்கும்வரை ஆபத்துச் சொற்பம். சுரண்டினாலோ உடைத்தாலோ நுண்ணிய நார்கள் நுரையீரலைச் சேரும். பிள்ளைகள் உறங்கும் அறையில் ஞாயிறன்று உளியுடன் குந்துவோர் இதனை எண்ணுவதில்லை. பெயர்க்காது மேலே லினோ விரிப்பதே மலிவு. ஏற்கனவே உடைந்திருப்பின் தொடாமல், வீட்டுக்குரிய அஸ்பெஸ்ரஸ் பரிசோதனைக் கோவையைக் காட்டுமாறு உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். குடியிருப்போர் கேட்டால் அதனைக் காட்டுவது அவரது சட்டக் கடமை.