பச்சைப் புள்ளியை நம்பலாமா? கணினித் திரையின் நிலைக் குறிகள் பற்றிச் சில வார்த்தைகள்

கடன் கொப்பி இருந்த இடத்தில் இன்று கணினி இருக்கிறது. பில், சரக்கிருப்பு, கடன், காசோலை எல்லாவற்றையும் மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. அதன் திரையில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சிறு புள்ளிகள் தெரியும். இவைதான் நிலைக் குறிகள். அளவில் மிளகு போன்றவை. ஆனால் அவற்றைப் பார்த்துத்தான் சரக்கு கடையை விட்டுப் போகிறது. நான் இதை நட்டப்பட்டே அறிந்துகொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் 185,000 ரூபாவுக்குக் காசோலை தந்திருந்தார். காசு கணக்கில் சேர்ந்த பின்னரே அடுத்த சரக்கை அனுப்புவது எமது ஒழுங்கு. அன்று நான் கடையில் இல்லை. காசோலைக்கு நேரே பச்சைப் புள்ளி இருந்ததால் பில் போடும் தம்பி லொறியில் சரக்கை ஏற்றிவிட்டார். மறுநாள் காசோலை திரும்பி வந்தது.

"பச்சை விழுந்திருந்தது நானா, காசு வந்துட்டு என்றுதான் நினைச்சேன்" என்றார். நன்றாக ஏசிவிட்டேன். பிறகுதான் திரையை நானே உட்கார்ந்து பார்த்தேன். பில் பக்கத்தில் பச்சை என்றால் காசு கிடைத்துவிட்டது. காசோலைப் பக்கத்தில் பச்சை என்றால் வங்கியில் போட்டாயிற்று, அவ்வளவுதான். பிழை அவருடையதல்ல. அதை அவரிடம் சொல்லி வருத்தம் தெரிவித்தேன்.

நமது நாட்டில் காசோலைகளைப் படமாக அனுப்பித் தீர்க்கும் முறை 2006 இல் வந்த பின் வேகம் கூடியது உண்மை. என்றாலும் வைப்பிலிடுவது வேறு, காசாவது வேறு. இரண்டுக்கும் இரண்டு குறிகள் வேண்டும்.

வாட்ஸ்அப்பைப் பாருங்கள். ஒரு சாம்பல் சரி அடையாளம், செய்தி புறப்பட்டது. இரண்டு, அடுத்தவர் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டும் நீலமானால் வாசித்துவிட்டார். நீல நிறம் 2014 இல் வந்தது. ஒவ்வொரு படிக்கும் தனி அடையாளம் இருப்பதால் யாரும் குழம்புவதில்லை.

அடுத்தது நிறம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே உண்டு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு நிறக்குறைபாடு உண்டு. வீதிச் சமிக்ஞை விளக்கில் சிவப்பு மேலேயும் பச்சை கீழேயும் இருப்பதால் இடத்தை வைத்தே அவர்கள் அறிந்துகொள்வார்கள். வெறும் வட்டப் புள்ளியில் அந்த உதவி இல்லை. இணையத்தளங்களுக்கான சர்வதேச வழிகாட்டியும், 2008 இல் வெளியான அதன் இரண்டாம் பதிப்பில், நிறத்தை மட்டும் கொண்டு தகவல் சொல்லக் கூடாது என்கிறது.

எனவே மென்பொருள் வாங்கும்போது அல்லது செய்விக்கும்போது இவற்றைக் கேளுங்கள்:

1. ஒரு குறிக்கு எல்லாப் பக்கங்களிலும் ஒரே கருத்துத்தானா?

2. நிறத்தோடு வடிவமும் மாறுகிறதா? சரி அடையாளம், முக்கோணம், பெருக்கல் குறி என்று இருப்பது நல்லது.

3. குறிக்குப் பக்கத்தில் 'வைப்பிலிட்டது', 'காசானது', 'திரும்பியது' என்று ஒரு சொல் இருக்கிறதா?

4. அந்த நிலை எத்தனை மணிக்குப் பதியப்பட்டது என்று தெரிகிறதா? நேற்றைய இருப்பைக் காட்டும் பச்சை, இன்று பொய்யாகலாம்.

5. எல்லா வரிக்கும் குறி போட்டிருக்கிறார்களா? எங்கும் குறியாக இருந்தால் கண் எதையும் கவனிக்காது. நாம் கவனிக்க வேண்டியவற்றுக்குப் பளிச்சென்ற குறியும் மற்றவற்றுக்கு மங்கிய குறியும் போதும்.

கடைசியாக ஒரு பரீட்சை. கடைக்குப் புதிதாக வந்த பையனைத் திரைக்கு முன்னால் இருத்தி, "இந்தக் குறி என்ன சொல்லுது?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் பையனைத் திருத்த வேண்டாம், குறியைத் திருத்தச் சொல்லுங்கள். நான் எனது மென்பொருளில் மூன்று சொற்களைச் சேர்க்கச் செய்தேன். அதற்கான செலவு, அந்த ஒரு லொறிச் சரக்கோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.