வடக்குப்பட்டைக் கணினி எப்படிப் படிக்கிறது?

ஒரகடம் அருகே வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. கற்கருவிகளும் பானையோடுகளும் கிடைத்தன. இணையத்தில் இந்தச் செய்தியைப் படிக்கும் கணினி, அதிலிருந்து அறிவை எப்படிப் பிரித்தெடுக்கிறது?

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழுவினர் 2010 ஜனவரியில் 'நெல்' என்ற நிரலை ஓடவிட்டார்கள். இரவு பகலாக வலைப்பக்கங்களைப் படிப்பதே அதன் வேலை. ஊர், ஆள், தின்பண்டம் போன்ற ஒவ்வொரு வகைக்கும் சில எடுத்துக்காட்டுகளை மட்டும் கொடுத்தார்கள். அவை வரும் வாக்கியங்களின் அமைப்பை நிரல் கற்றுக்கொள்ளும். அதே அமைப்பில் வரும் புதுப் பெயர்களைச் சேர்த்துக்கொள்ளும். "கீழடி அகழாய்வில் பானையோடு கிடைத்தது" என்ற வாக்கியத்தில் கீழடியை எடுத்துவிட்டால், அந்த இடத்தில் வடக்குப்பட்டும் பொருந்தும் அல்லவா?

ஆபத்தும் இங்கேதான். இணைய 'குக்கி'யை நெல் ஒருமுறை பேக்கரித் தின்பண்டமாக எடுத்துக்கொண்டது. "குக்கிகளை அழி, கோப்புகளை அழி" என்று படித்ததும் கோப்புகளையும் தின்பண்டமாக்கியது! ஒரு பிழை அடுத்த பிழைக்கு விதையாகும். அதைத் தடுக்கத்தான், ஒரே பெயர் ஊராகவும் ஆளாகவும் இருக்காது என்பது போன்ற கட்டுப்பாடுகளும் மனிதர்களின் திருத்தமும் வைத்தார்கள்.

தமிழில் சிக்கல் கூடுதல். வடக்குப்பட்டில், வடக்குப்பட்டுக்கு, வடக்குப்பட்டிலிருந்து எல்லாம் ஒரே ஊர் என்று தெரிய வேண்டும். மேடவாக்கம் பக்கம் இன்னொரு வடக்குப்பட்டும் இருக்கிறது. சுற்றியுள்ள சொற்களை வைத்தே பிரிக்க முடியும். இன்றைய மொழி மாதிரிகளும் அரிதாக எழுதப்பட்டவற்றைச் சரியாகக் கற்பதில்லை. ஒரகடத்தின் கார்த் தொழிற்சாலைகளைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறோம். பக்கத்து மண்ணில் கிடைத்த கற்கருவிகளைப் பற்றித் தமிழில் இன்னும் விரிவாக எழுத வேண்டும்.